ஓடிச் சம்பாதிக்க வேண்டிய காற்று: ஹெலிகாப்டர் விமானிக்கு வால் சக்கர விமானம்

பறப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்குச் சின்ன விமானமெல்லாம் ஒரு பொருட்டா?" என்பார் ஒருவர். "ஹெலிகாப்டர் பழகிய கை விமானத்தையும் அந்தரத்தில் நிறுத்தப் பார்க்கும், கீழே போட்டுவிடும். அதிலும் வால் சக்கர விமானம் என்றால் கேட்கவே வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. எது எந்த இடத்தில் உண்மை என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் புதிதாகக் கற்க வருகிறவர் அலட்சியமாக வருகிறார், அல்லது பயந்துகொண்டே வருகிறார். இரண்டுமே கற்பதற்கு உதவாது.

நான் முதலில் பறக்கக் கற்றது அமெரிக்காவில், ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரில். பிறகு பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய மஞ்சள் விமானத்தில் ஏறினேன். 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 கப் விமானங்கள் கட்டப்பட்டன. மூக்கின் கீழே இல்லாமல் வாலின் கீழே சின்னச் சக்கரம் வைத்த விமானம் அது. இன்றும் வால் சக்கரம் பழக அதைத் தேடிப் போகிறார்கள். எஞ்சின் வெறும் 65 குதிரைத்திறன். ஆர்44-இன் எஞ்சின் 200-க்கு மேல். எடையில் கப் பாதிதான் இருக்கும். இவ்வளவு சாதுவான ஒரு விமானம் என் கால்களைப் பல வாரம் வேலை வாங்கியது. ஏன் என்று புரிந்தபோது, கைகால் பழக்கங்கள் எல்லாமே ஒரே கேள்வியில் போய் நின்றன: நம்மைத் தாங்கும் காற்றை யார் உண்டாக்குகிறார்கள்?

## மின்விசிறியும் பட்டமும்

காற்றே இல்லாத நாளில் பட்டம் விட வேண்டுமென்றால் நூலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவரை பட்டம் மேலே நிற்கும். நின்றால் சரிந்து விழும். விமானத்தின் இறக்கை அந்தப் பட்டத்தைப் போன்றது. முன்னோக்கி ஓடி ஓடித்தான் தனக்கு வேண்டிய காற்றை அது சம்பாதிக்கிறது.

ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றுவதை ரோட்டார் என்கிறோம். அதன் அலகுகள் ஒவ்வொன்றும் ஒல்லியான இறக்கைதான். ஆர்44-இல் அவை நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுற்றுகின்றன. ஹெலிகாப்டர் நகராமல் ஒரே இடத்தில் நின்றாலும், இறக்கைகள் மட்டும் மேலே வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. கூரையில் தொங்கும் மின்விசிறி அறையை விட்டு எங்கும் போகாமல் காற்றை உண்டாக்குவதுபோல, ஹெலிகாப்டர் தன் காற்றைத் தானே கையோடு கொண்டுபோகிறது.

இதிலிருந்து முதல் வேறுபாடு பிறக்கிறது. ஹெலிகாப்டர்காரருக்கு வேகம் குறைவது சுகமான விஷயம். 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, இறங்க இறங்கக் குறைத்து, தரைக்கு ஓராள் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக உட்கார்வார். அவருடைய உயிர் ரோட்டாரின் சுழற்சியில் இருக்கிறது. கண்ணும் காதும் அதன் மேலேயே இருக்கும். விமானத்தில் அந்த இடத்தில் காற்றுவேகம் இருக்கிறது. கப் சுமார் 60 கிலோமீட்டர் வேகம்வரைதான் தாங்கும். அதற்குக் கீழே இறக்கை வேலை செய்வதை நிறுத்திவிடும்.

அப்படி நிறுத்துவதற்கு ஸ்டால் என்று பெயர். ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கையை லேசாகச் சாய்த்தால் மேலே தூக்கும். இன்னும் சாய்த்தால் இன்னும் தூக்கும். ஓர் அளவுக்கு மேல் சாய்த்தால் தூக்குவது போய், கையைப் பின்னால் தள்ளும் வேலைதான் நடக்கும். இறக்கைக்கும் இதே கதைதான். எதிரே வரும் காற்றோடு அது வைக்கும் சாய்வு பெரும்பாலான சிறு விமானங்களில் 15 டிகிரியைச் சுற்றி எங்கோ எல்லையைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் ஸ்டால். வேகம் குறையக் குறைய, விமானத்தைத் தாங்கிப் பிடிக்க மூக்கை மேலும் மேலும் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மெதுவாகப் பறப்பது அந்த எல்லைக்கு அருகே கொண்டுபோய்விடுகிறது. இந்த ஸ்டாலும் கார் எஞ்சின் நின்றுபோகும் ஸ்டாலும் வேறு வேறு. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம்.

## கைகள் மறக்க வேண்டியவை

கப்பில் உட்கார்ந்ததும் ஹெலிகாப்டர்காரருக்கு ஒரு சந்தோஷம். வலது கையில் விமானத்தைச் சாய்க்கும் ஸ்டிக் என்ற கோல், இடது கையில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில். ஹெலிகாப்டரிலும் வலது கையில் சைக்ளிக் என்ற கோல், இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல். சைக்ளிக் ரோட்டாரைச் சாய்த்து, போகும் திசையைத் தருகிறது. கலெக்டிவ் எல்லா அலகுகளின் சாய்வையும் ஒன்றாகக் கூட்டிக் குறைத்து ஏற்றி இறக்குகிறது. இரண்டு வண்டியிலும் கைகளுக்கு அதே இடம்தான். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கலெக்டிவை மேலே இழுத்தால் சக்தி கூடும். கப்பின் திராட்டிலைப் பின்னால் இழுத்தால் சக்தி குறையும். விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தாழ்ந்து வருகிறது, மனம் பதறுகிறது, இடது கை தன்னையறியாமல் இழுக்கிறது. ஹெலிகாப்டரில் அது காப்பாற்றும் அசைவு. கப்பில் இருக்கிற சக்தியையும் அணைக்கும் அசைவு. நானே இரண்டு முறை இழுத்தேன்; முன் இருக்கையில் இருந்த ஆசிரியரின் கை அதற்குள் தன் திராட்டிலைத் தள்ளிவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும், "தள்ளினால் சக்தி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் பலித்தது.

வலது கையின் சிக்கல் இன்னும் ஆழமானது. ராபின்சன் ஹெலிகாப்டர்களின் இரண்டு அலகு ரோட்டார் ஊஞ்சல் பலகைபோல அச்சின் மேல் ஆடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பறக்கும்போது சைக்ளிக்கைத் திடீரென முன்னால் தள்ளினால் உடம்பு எடையிழந்து மிதக்கும். அந்த நிலையில் ஹெலிகாப்டர் தானே ஒரு பக்கம் உருளத் தொடங்கும். அதைத் தவறாகத் திருத்தப் போனால் ரோட்டாரின் மையப்பகுதி அச்சுத்தண்டிலேயே மோதி அதை அறுத்துவிடலாம். 1995-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் தனி விதி போட்டு இதைப் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆகவே அந்த ஹெலிகாப்டர்களில் வளர்ந்த கை, எதை மறந்தாலும், முன்னால் வெடுக்கென்று தள்ளக் கூடாது என்பதை மறக்காது.

விமானம் ஸ்டால் ஆனால் முதலில் செய்ய வேண்டியதோ, ஸ்டிக்கை முன்னால் கொடுத்து இறக்கையின் சாய்வைக் குறைப்பது. மேலேறும்போது எஞ்சின் நின்றாலும் அப்படித்தான், உடனே மூக்கைக் கீழே இறக்க வேண்டும். ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால் ஓரிரு வினாடிக்குள் கலெக்டிவைக் கீழே அழுத்தி, சைக்ளிக்கைச் சற்றுப் பின்னால் கொடுத்து, கீழிருந்து வரும் காற்றால் ரோட்டார் தானே சுற்றும்படி செய்கிறோம். ஒரே விபத்து, இரண்டு வண்டிகளில் வலது கைக்கு நேர் எதிரான வேலை. இதைத் தரையில் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்வது எளிது. கை புரிந்துகொள்ள, போதிய உயரத்தில், ஆசிரியரோடு, திரும்பத் திரும்ப ஸ்டால் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஹெலிகாப்டர் தன் காற்றைத் தானே உண்டாக்குகிறது, விமானம் ஓடிச் சம்பாதிக்கிறது. வேகம் போனால் விமானத்தின் இறக்கை ஸ்டால் ஆகும். அதிலிருந்து மீள, ஹெலிகாப்டர் பழகிய கை செய்யக் கூசும் அசைவுகள் தேவைப்படுகின்றன. இவ்வளவும் எல்லா விமானங்களுக்கும் பொது. இனி வால் சக்கரத்துக்கு வருவோம்.

## பின்பாரம் ஏற்றிய வண்டி

இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான விமானங்களுக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம், இறக்கைகளின் கீழே இரண்டு பெரிய சக்கரங்கள். வால் சக்கர விமானத்துக்குப் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால் தள்ளி இருக்கும். மூன்றாவது சின்னச் சக்கரம் வாலின் கீழே. அதனால் தரையில் அது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு காலத்தில் விமானம் என்றாலே இப்படித்தான். 1956-இல் செஸ்னா நிறுவனம் தன் 170 என்ற வால் சக்கர விமானத்துக்கு மூக்குச் சக்கரம் வைத்து 172 என்று விற்கத் தொடங்கியது. அதன்பின் சிறு விமானங்களில் மூக்குச் சக்கரமே வழக்கமாகிப்போனது. நம் ஊரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய ஹெச்டி-2 பயிற்சி விமானமும், 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் விமானமும் வால் சக்கரத்தோடு வந்தவைதான். இந்தியப் பறக்கும் மன்றங்களில் ஒரு தலைமுறை விமானிகள் புஷ்பக்கில்தான் கற்றார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பொருள் தள்ளும் டிராலியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்கள் திரும்பாதவை, முன்சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்புபவை. நேராகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் ஓரளவு நேராகவே போகும். அதே டிராலியைத் தலைகீழாக, பின்பக்கம் முன்னால் வரும்படி தள்ளிவிடுங்கள். இரண்டடி போவதற்குள் சுழன்று திரும்பிக்கொள்ளும்.

காரணம் பாரம் இருக்கும் இடம். ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய புள்ளியை எடைமையம் என்போம். மூக்குச் சக்கர விமானத்தில் எடைமையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. விமானம் சற்றே கோணலாக ஓடினால், பின்னால் இருக்கும் சக்கரங்களின் உராய்வு அதை இழுத்து நேராக்கும். வால் சக்கர விமானத்தில் எடைமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டிக்காரர்கள் சொல்லும் பின்பாரம்தான் இது. கோணலாக ஓடத் தொடங்கியதும், முன்னால் இருக்கும் சக்கரங்கள் உராய்ந்து தயங்குகின்றன. பின்னால் இருக்கும் பாரம் தயங்காமல் தன் வேகத்தில் வருகிறது. வால் மூக்கை முந்தப் பார்க்கிறது. கோணல் கூடக்கூட அந்த முந்துதலும் கூடும்.

இந்தச் சுழற்சி கைமீறிப் போவதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். விமானம் ஓடுதளத்தில் தட்டாமாலை சுற்றுவதுபோல் திரும்பிவிடும். பெரும்பாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெளிப்பக்க இறக்கை தரையில் உரசலாம், சக்கரக் கால் மடங்கலாம், மூக்கில் சுற்றும் புரொப்பல்லர் மண்ணைக் கொத்தலாம்.

## கால்களின் சொத்து

இந்த இடத்தில் முதல் பேச்சுக்காரர் சொன்னது பாதி உண்மையாகிறது. ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்துவதும் இதே போன்ற வேலைதான். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்துவதைப் போல, எப்போதும் ஒரு பக்கம் விழப் பார்க்கும் ஒன்றை விழவிடாமல் வைத்திருப்பது. விழுந்தபின் பெரிதாகத் திருத்தினால் எதிர்ப்பக்கம் விழும். விழ நினைக்கும்போதே சின்னதாகத் திருத்தி, திருத்தியதை உடனே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வால் சக்கர விமானத்தைத் தரையில் நேராக ஓட்டுவதற்கு வேண்டியது இதே சின்னச் சின்ன மிதிப்பு. மூக்குச் சக்கர விமானத்தில் மட்டும் பழகியவர்களுக்குக் கால் தூங்கிக்கொண்டிருக்கும். ஹெலிகாப்டர்காரரின் கால் விழித்தே வருகிறது. இது சின்னச் சொத்து இல்லை.

ஆனால் எந்தக் கால்? ஒரு பொருளை ஒரு பக்கம் சுழற்றினால் சுழற்றுகிறவருக்கு எதிர்ப்பக்கம் உந்துதல் கிடைக்கும். ஆர்44-இன் ரோட்டார், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஆகவே சக்தியைக் கூட்டினால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதை நிறுத்த, மூக்கை இடப்பக்கம் திருப்பும் இடது பெடலை மிதிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முறை மேலெழும்பிய கால், சக்தி என்றால் இடது என்று கற்றுவைத்திருக்கும். கப்பில் நேர்மாறு. அதன் புரொப்பல்லர், விமானியின் இடத்திலிருந்து பார்த்தால், கடிகாரத் திசையில் சுற்றுகிறது. அது கிளப்பும் காற்று விமானத்தின் உடலைச் சுருளாகச் சுற்றிப் பின்னால் வந்து வாலை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. மூக்கு இடப்பக்கம் போகிறது. வலது பெடல் வேண்டும்.

ஓடி வேகம் வந்ததும் வாலைத் தூக்குகிறோமே, அப்போது இன்னொரு தள்ளல் வரும். சுற்றும் எதையும் சாய்த்தால், சாய்த்த இடத்தில் விளைவு தெரியாமல், சுழற்சியின் திசையில் 90 டிகிரி தள்ளித் தெரியும். பம்பரத்தைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் தெரியும். ரோட்டாரின் பாடத்தில் ஹெலிகாப்டர்காரர்கள் முதலில் படிப்பதும் இதைத்தான். வால் எழும்போது சுற்றும் புரொப்பல்லர் முன்னோக்கிச் சாய்கிறது, விளைவு பக்கவாட்டில் தெரிகிறது, மூக்கு மறுபடி இடப்பக்கம் எட்டிப்பார்க்கிறது.

அப்படியென்றால் "விமானம் என்றால் வலது கால்" என்று மனப்பாடம் செய்துவிடலாமா? வேண்டாம். நம் விமானப்படையின் சேத்தக் போன்ற பிரெஞ்சு வடிவ ஹெலிகாப்டர்களின் ரோட்டார் மறுபக்கம் சுற்றுகிறது. அவற்றில் சக்தி கூட்டினால் வலது பெடல்தான். சிப்மங்க் என்ற வால் சக்கரப் பயிற்சி விமானத்தின் புரொப்பல்லரும் மறுபக்கம் சுற்றுகிறது. அதில் இடது கால். என் ஆசிரியர் காலைப் பற்றிப் பேசியதே குறைவு. ஓடுதளத்தின் கடைசியைப் பார், மூக்கு நகர்ந்தால் நிறுத்து, எந்தக் கால் என்று கண் சொல்லும் என்றார். பக்கத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் தாமதமாகவே மிதித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோன அன்று கால் தானாகச் சரியானது.

## பெடல் ஒன்றுதான், பலம் வேறு

இரண்டாவது பேச்சுக்காரரின் எச்சரிக்கை உண்மையாவது இங்கே. இரண்டு வண்டியிலும் பெடல் மூக்கைத் திருப்புகிறது. ஆனால் ஹெலிகாப்டரின் பெடல், வாலில் சுற்றும் சின்ன ரோட்டாரின் சாய்வை மாற்றுகிறது. அந்த ரோட்டாரும் தன் காற்றைத் தானே உண்டாக்குவதுதான். ஆகவே ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் நின்றாலும் பெடலில் பலம் இருக்கும்.

விமானத்தின் பெடல், வாலில் செங்குத்தாக இருக்கும் ரடர் என்ற பலகையைத் திருப்புகிறது. படகின் சுக்கான்தான் இது. படகு நின்றுவிட்டால் சுக்கானைத் திருப்பி என்ன பயன்? ரடருக்கும் காற்று ஓட வேண்டும். காற்றின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு குறையும்: வேகம் பாதியானால் ரடரின் பலம் கால்வாசி. இறங்கியபின் எஞ்சின் சக்தியும் குறைக்கப்பட்டிருப்பதால், புரொப்பல்லரின் காற்றும் துணைக்கு வராது.

இதை வால் முந்தும் கதையோடு சேர்த்துப் பாருங்கள். விமானம் இறங்குகிறது. வேகமாக ஓடும்போது ரடர் பலமாக இருக்கிறது. கடைசியில், நடை வேகத்துக்கு வந்ததும், பெடலோடு ஸ்பிரிங்கால் இணைந்த வால் சக்கரம் திருப்பும் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி: ரடரின் பலம் போய்க்கொண்டிருக்கிறது, வால் சக்கரம் இன்னும் தரையை இறுகப் பிடிக்கவில்லை, பின்பாரத்தில் உந்துதல் மிச்சமிருக்கிறது. அந்தச் சில வினாடிகளில் நிறையக் கிரவுண்ட் லூப்கள் பிறக்கின்றன. கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தெரியும் நேரம் அது. ஹெலிகாப்டரில் வளர்ந்த கால், வேகம் குறையக் குறையத் தளர்கிறது. இங்கே வேகம் குறையக் குறைய மிதிப்பு பெரிதாக வேண்டும், வேகமாகவும் வேண்டும்.

சுருக்கமாக: வால் சக்கர விமானத்தின் பாரம் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் தரையில் அது தானாக நேராகாது. அதை நேராக வைக்கும் கால் ஹெலிகாப்டர்காரரிடம் உண்டு. ஆனால் அந்தக் கால் நம்பியிருந்த குறையாத பலம் இங்கே இல்லை.

## ஸ்டிக்கை விடாதே

ஒரு மாலை நேரம், புல் ஓடுதளம். கப்பைத் தனியாக ஓட்டும்போதும் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். எடைமையம் அப்போதுதான் சரியாக இருக்கும். அதனால் பயிற்சியில் ஆசிரியர் முன்னால், மாணவர் பின்னால். எனக்கு முன்னே தெரிந்தது ஆசிரியரின் தோள்கள். அவருக்கு அப்பால் கண்ணாடி, அதற்கும் அப்பால் பெட்ரோல் டேங்க் மூடியில் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பி. கீழே ஒரு கார்க் மிதக்கும், பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். அதுதான் பெட்ரோல் மீட்டர். வலப்பக்கக் கதவு திறந்தே இருந்தது. வெட்டிய புல் வாசனை உள்ளே வந்தது.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரை தொடுவதற்கு மூன்று புள்ளி இறக்கம் என்று பெயர். தரைக்கு ஓரடி உயரத்தில் ஸ்டிக்கை மெல்ல மெல்லப் பின்னால் கொண்டுவந்து, இறக்கை ஸ்டாலைத் தொடும் நேரத்தில் விமானத்தைத் தரையில் விடுவது. அன்று அது எனக்கு அழகாக அமைந்தது. தொட்டதே தெரியவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் வலது கையைத் தளர்த்தி ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஹெலிகாப்டரில் அதுதான் சரி. தரையில் உட்கார்ந்தபின் சைக்ளிக்கைப் பின்னால் இழுத்துவைத்தால் சுற்றும் அலகு தாழ்ந்து வால் தண்டை வெட்டும் அபாயம் உண்டு. அதை முதல் நாளே மனதில் அறைந்துவிடுவார்கள்.

ஸ்டிக் நடுவுக்கு வந்ததும் வாலின் பாரம் லேசானது. வால் சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு போனது. மூக்கு இடப்பக்கம் நழுவியது. முதலில் கண்ணில் தெரியவில்லை, இருக்கையில் தெரிந்தது: உடம்பு வலப்பக்கம் ஒதுங்கியது. நான் வலது பெடலை மிதித்தபோது அது ஒன்றும் செய்யாததுபோல் இருந்தது. இன்னும் மிதித்தேன். அதற்குள் முன்னிருக்கை ஸ்டிக் ஆசிரியரின் வயிற்றோடு ஒட்டியிருந்தது. என்னுடையதும் கூடவே வந்து என் வயிற்றைத் தொட்டது. வால் தரையை அழுத்தியது, சக்கரம் பிடித்தது, விமானம் நேரானது. எல்லாம் இரண்டு மூச்சு நேரம். ஆசிரியர் திரும்பாமல், தோளுக்கு மேலாக, விமானத்தை நிறுத்திக் கயிற்றால் கட்டும்வரை நாம் பறந்துகொண்டுதான் இருக்கிறோம் என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளி இறக்கத்தில், தொட்டபின் ஸ்டிக்கை முழுதும் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அது வாலைத் தரையோடு அழுத்திவைக்கும். ஹெலிகாப்டரில் செய்யவே கூடாதது இங்கே கட்டாயம்.

வேறொரு விதமும் உண்டு. முன்சக்கரங்கள் மட்டும் முதலில் தொட, வால் மேலேயே இருக்க, ஸ்டிக்கை லேசாக முன்னால் கொடுத்து ஓடுவது. சக்கர இறக்கம் என்பார்கள். வேகம் கூடுதலாக இருப்பதால் ரடரில் பலம் இருக்கும், முன்னாலும் நன்றாகத் தெரியும். ஆனால் வால் எப்படியும் ஒரு கட்டத்தில் இறங்கியாக வேண்டும், அந்த இடைவெளியையும் கடந்துதான் ஆக வேண்டும்.

## பக்கவாட்டுக் காற்று

ஹெலிகாப்டர்காரருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெரிய கவலை இல்லை. மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார். விமானத்துக்கு ஓடுதளம் எந்தத் திசையோ அந்தத் திசைதான். காற்று இடமிருந்து வீசினால், இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்தி, எதிர்ப்பக்கப் பெடலால் மூக்கை ஓடுதளத்தோடு நேராக்கி, தாழ்ந்த பக்கச் சக்கரத்தை முதலில் தரைக்குக் கொடுக்க வேண்டும். இறக்கையைத் தாழ்த்துவது ஏலரான் என்ற, இறக்கை நுனியில் அசையும் பலகை. தொட்டபின்னும் ஸ்டிக்கைக் காற்றுப் பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். வேகம் குறையும்போது ஏலரானும் பலம் இழக்கும் என்பதால் சாய்வைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

நழுவிக்கொண்டே பக்கவாட்டில் தரை தொடுவது ஏன் கூடாது என்பதை மட்டும் ஹெலிகாப்டர்காரருக்கு விளக்கவே வேண்டாம். ஒரு பக்கக் கால் தரையில் மாட்டிக்கொள்ள, அதையே அச்சாக வைத்து ஹெலிகாப்டர் உருண்டு கவிழும் விபத்தைப் பற்றி அவர் படித்திருப்பார். இங்கேயும் பக்கவாட்டு நழுவல்தான் சுழற்சிக்கு விதை. அந்தப் பயம் அப்படியே இருக்கட்டும், நல்லது.

## உரிமமும் முதல் மணி நேரமும்

அமெரிக்காவில் தனியார் ஹெலிகாப்டர் உரிமம் வைத்திருப்பவர் விமானத்துக்கும் உரிமம் சேர்க்க வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. விமானத்தில் பயிற்சி எடுத்து, குறைந்தது 10 மணி நேரம் தனியாகவும் பறந்து, பறந்துகாட்டும் தேர்வில் தேற வேண்டும். வால் சக்கரத்துக்கு அதற்கு மேல் ஆசிரியர் ஒருவர் பறப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு இத்தனை மணி என்ற கணக்கு விதியில் இல்லை. சாதாரணமாகவும் பக்கவாட்டுக் காற்றிலும் மேலெழுவது, இறங்குவது, சக்கர இறக்கம், இறங்காமல் மறுபடி மேலே போவது இவற்றில் தேறிவிட்டார் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கையெழுத்து தேவையில்லை. என்னைக் கேட்டால், ஹெலிகாப்டரிலிருந்து வருகிறவர் மூக்குச் சக்கரத்தை இடையில் வைக்காமல் நேராக வால் சக்கரத்திலேயே தொடங்கலாம். விழித்திருக்கும் கால்களைத் தூங்கவைத்துவிட்டு அப்புறம் எழுப்புவானேன்?

முதல் மணி நேரத்தைப் பறக்காமலே செலவழிக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். காலை வேளை, காற்று எழுமுன், புல்தரையில் நடை வேகத்தில் ஓட்டுங்கள். பின் இருக்கையிலிருந்து நேர் முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் பாம்புபோல் வளைந்து வளைந்து, ஒருமுறை இடப்பக்க ஜன்னல் வழியாகவும் ஒருமுறை வலப்பக்கம் வழியாகவும் பாதையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிரேக் இரண்டும் குதிகாலுக்குக் கீழே சின்னத் துண்டுகளாக இருக்கும். அவற்றை முதலில் தொடாமலே பழகுங்கள். வளைவைத் தொடங்க எவ்வளவு மிதிப்பு, அதை நிறுத்த எவ்வளவு என்று கவனியுங்கள். நிறுத்துவதற்கான எதிர்மிதிப்பு, நீங்கள் நினைத்த இடத்துக்குச் சற்று முன்பே வேண்டியிருக்கும். அந்தச் "சற்று முன்பே" எவ்வளவு என்பது கால் பிடிபட்ட பிறகு, ஓடுதளத்தின் முனையில் போய் நின்று திராட்டிலைத் தள்ளலாம்.